முதற்சுற்றை நிறைவு செய்க

வாரியத்திலிருந்து வந்த கடிதத்தில் மொத்தம் பதினொரு வரிகள். அதில் ஒன்பது வரிகள், இதற்கு முன் வந்த கடிதங்களின் எண்களும் தேதிகளும். மிச்சம் இருந்த இரண்டு வரியில்தான் விஷயம்.

"தங்கள் துறை முதற்சுற்றினை இதுகாறும் நிறைவு செய்யாமை அறியப்படுகிறது. வரும் முப்பதாம் தேதிக்குள் ஆசிரியர், மாணவர், அலுவலர் அனைவரும் பங்கேற்று முதற்சுற்றினை நிறைவு செய்து, எட்டு அளவுகோல்களுக்கும் ஆதாரங்களைப் பதிவேற்றுக. தவறின் பாடப்பிரிவு மூடப்படும்."

கடிதம் போட்டது மாநில உடலியக்கக் கல்வித் தர உறுதி வாரியம். கல்லூரிகளில் நடக்கும் உடற்பயிற்சி அறிவியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுப்பது அதன் வேலை. ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் சரிபார்ப்பார்கள். அந்த ஐந்து வருடத்துக்கு ஆங்கிலத்தில் 'சைக்கிள்' என்று பெயர். போன வருடம் வரைக்கும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்த வாரியம், ஆட்சிமொழி வாரம் கொண்டாடிய உற்சாகத்தில் இந்த வருடம் தமிழுக்கு மாறியது. மொழிபெயர்த்தவர் அகராதியைப் புரட்டி, நியாயமாகவே, 'சுற்று' என்று போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடிதம் எந்த ஊருக்குப் போகிறது என்று அகராதியில் போட்டிருக்காது.

கல்லூரி திருவண்ணாமலையில், வேங்கிக்காலைத் தாண்டி இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கதையையும் ஆதாரமாகப் பதிவேற்றிவிடுவார்கள்.

அங்கே உடற்பயிற்சி அறிவியல் துறைக்குத் தலைவர் சாந்த் பாஷா. நாற்பத்தாறு வயது, ஒல்லி, தினமும் காலையில் ஆறு கிலோமீட்டர் வேகநடை. மாரடைப்பு வந்தவரை மறுபடி எப்படி மாடிப்படி ஏறவைப்பது, பக்கவாதத்தில் இழுத்துக்கொண்ட காலை எப்படித் தூக்கிவைக்கப் பழக்குவது, சர்க்கரைக்காரர் எவ்வளவு நடக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் முப்பத்தெட்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இது என்ன படிப்பு என்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவருடைய மாமனாரே கல்யாண வீடுகளில் பார்க்கும்போதெல்லாம், "மாப்ள, இன்னும் விசில் ஊதிக்கினுதான் இருக்கீங்களா?" என்று அன்பாக விசாரிப்பார்.

பாடப்பிரிவை மூடினால் முப்பத்தெட்டு பேரையும் வணிகவியலுக்கு மாற்றிவிடுவது என்று முதல்வர் புகழேந்தி முடிவு செய்து, கால அட்டவணைகூடப் போட்டுவைத்திருந்தார். அவர் வணிகவியல்காரர். மற்றவர்களுக்கு இது வகுப்பறை மாறும் சங்கதி. கடைசி வருடத்து உண்ணாமலைக்கு அப்படி இல்லை. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனை, நோயாளிகளை நடக்கப் பழக்கும் பிரிவில் அவளுக்கு வேலை தருவதாகக் கடிதம் கொடுத்திருந்தது. கடைசி வரியில் ஒரு நிபந்தனை: அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில் பட்டம். அவள் அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து புத்தகப்பையில் வைத்திருந்தாள். சாந்த் பாஷாவைப் பார்க்கும்போதெல்லாம், "வந்துரும் இல்ல சார்?" என்று கேட்பாள். "வந்துரும்மா" என்பார் அவர். சொல்லிவிட்டுக் காலண்டரைப் பார்ப்பார்.

கடிதத்துக்கு அர்த்தம் சொல்ல அலுவலகக் கண்காணிப்பாளர் மண்ணாங்கட்டி அழைக்கப்பட்டார். முப்பத்தொரு வருட சர்வீஸ். அரசாங்கக் கடிதம் எதுவானாலும் அவர் ஒரு தரம் படித்துச் சொன்னால் அதுதான் தீர்ப்பு.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணுமில்ல சார். சுத்து வரச் சொல்லிக்கிறாங்க."

"என்ன சுத்து?" என்றார் சாந்த் பாஷா.

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? மலையைத்தான்."

"அண்ணே, அது அந்தச் சுத்து இல்ல. இங்கிலீஷ்ல சைக்கிள்னு சொல்வாங்களே, ஃபர்ஸ்ட் சைக்கிள்..."

"சைக்கிள்ல போனா கணக்குல வராது சார்" என்றார் மண்ணாங்கட்டி, கண்டிப்பாக. "நடந்துதான் போவணும். யாரை வேணா கேட்டுப் பாருங்க."

முதல்வர் புகழேந்தி கடிதத்தை வாங்கி மறுபடி படித்தார். "அனைவரும் பங்கேற்றுன்னு போட்டிருக்கான் பாருங்க பாஷா. ஒரு ஃபைல்ல அனைவரும் எப்படிப் பங்கேற்க முடியும்? நிறைவு செய்துன்னு வேற போட்டிருக்கான். பாதியில ஆட்டோ பிடிச்சு வந்துடக் கூடாதுன்னு அர்த்தம்."

"அளவுகோல் எத்தினி?" என்றார் மண்ணாங்கட்டி.

"எட்டு."

"லிங்கம் எத்தினி?"

முதல்வர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மலையைச் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். இதற்கு மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை.

சாந்த் பாஷா கடைசி முயற்சியாக வாரியத்துக்கே போன் போட்டார். நாற்பது நிமிடம் வீணை வாசித்தார்கள். அப்புறம் ஒரு குரல் வந்தது.

"சார், கடிதத்துல சுற்றுன்னு போட்டிருக்கீங்க. அது எந்தச் சுற்றுன்னு ஒரு விளக்கம்..."

"எந்த ஊரு நீங்க?"

"திருவண்ணாமலை."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "திருவண்ணாமலையில இருந்துக்கிட்டு சுற்றுன்னா என்னன்னு எங்கிட்ட கேக்கறீங்களா சார்?" போன் வைக்கப்பட்டது.

"வாரியமே சொல்லிடுச்சு" என்றார் முதல்வர்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு, ஆசிரியர் மூவர், மாணவர் முப்பத்தெட்டு, அலுவலர் ஏழு என்று நாற்பத்தெட்டு பேரும் முதல்வரும் ராஜகோபுரத்துக்கு அருகில் இந்திர லிங்கத்தின் முன்னால் கூடினார்கள். முதல் அளவுகோல் தொலைநோக்கு. முதல்வர் கல்லூரியின் தொலைநோக்கை பேனரிலிருந்து உரக்கப் படித்தார். பூ விற்றுக்கொண்டிருந்த பச்சையம்மாள், ஏதோ கட்சிக்காரர்கள் என்று நினைத்து, கூடையை நகர்த்தி வழிவிட்டாள். இடமும் நேரமும் பதிவாகிற மாதிரி செல்போனில் படம் எடுக்கப்பட்டது. ஆதாரம் ஒன்று முடிந்தது.

இரண்டாவது அளவுகோல் உட்கட்டமைப்பு. இங்கே ஒரு சிக்கல். துறையின் உட்கட்டமைப்பு என்பது ஒரே ஒரு டிரெட்மில். அது இரண்டாவது மாடியில் இருந்தது, அக்னி லிங்கமோ செங்கம் சாலையில் இருந்தது. படத்தில் இரண்டும் சேர்ந்து வர வேண்டும். மண்ணாங்கட்டி இதை முதல் நாளே யோசித்து, ஒரு குட்டியானை லோடு வண்டி பேசி, டிரெட்மில்லை ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். வாங்கிய நாளிலிருந்து அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததில்லை. பிரித்தால் தேய்ந்துவிடும், தேய்ந்தால் இருப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதால் யாரையும் அதில் ஏறவிட்டதில்லை. அன்றைக்கு அது நாலு சக்கரத்தின் மேல் ஏறி, உறையோடு, பதினாலு கிலோமீட்டரும் வந்தது. எதிரே வந்த சிலர் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஆசிரமத்தைத் தாண்டியதும் முதல்வருக்குப் பன்னாட்டு ஒத்துழைப்பு ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு வெளிநாட்டார் கையெழுத்து வேண்டும். அந்தப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு காபிக் கடை வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மௌன விரதம். முதல்வர் ஒப்பந்தத்தை நீட்டினார். அவர் புன்னகைத்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டு, முதல்வரின் நெற்றியை விரலால் ஒரு தரம் தொட்டார். "எவ்ளோ ஒத்துழைப்பு பாத்தீங்களா?" என்று முதல்வர் நெகிழ்ந்துபோனார்.

மாணவர் நலனுக்கு எம லிங்கத்தின் முன்னால் படம் எடுக்க வேண்டியதாகிவிட்டது. வரிசைப்படி அதுதான் வந்தது, யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நிர்வாகமும் தலைமைப்பண்பும் என்ற அளவுகோல் வாயு லிங்கத்தில் வந்தது; முதல்வர் அங்கே இருபத்தைந்து நிமிடம் பேசினார்.

இத்தனைக்கும் நடுவில் உண்ணாமலை ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு லிங்கத்திலும் நாற்பத்தெட்டு பேருடைய நாடித்துடிப்பையும் பிடித்து ஒரு நோட்டில் எழுதினாள். யாருக்கு எங்கே மூச்சு வாங்குகிறது, யார் பாதத்தை எப்படி வைக்கிறார்கள் என்று கோடு போட்டுக் குறித்தாள். பெருக்குகிற சரசாவின் துடிப்பு நிருதி லிங்கத்தில் எக்கச்சக்கமாக ஏறியதைப் பார்த்து, அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னாள். அந்த ஆறு மணி நேரத்தில் உடற்பயிற்சி அறிவியல் என்று ஏதாவது நடந்தது என்றால் அந்த நோட்டில்தான் நடந்தது. சாந்த் பாஷாவுக்கு அதைப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை.

எட்டாவது அளவுகோல், சிறந்த நடைமுறை. ஈசான்ய லிங்கத்தில் அதை எழுத உட்கார்ந்த மண்ணாங்கட்டி, களைப்பில் நடுவே ஓர் இடைவெளி விட்டு, 'சிறந்த நடை முறை' என்று எழுதி, கீழே 'பதினாலு கிலோமீட்டர்' என்று சேர்த்தார்.

உண்ணாமலையின் நோட்டைப் பதிவேற்ற முடியவில்லை. கையெழுத்துப் பிரதிக்கு வாரியத்தின் இணையதளத்தில் இடமில்லை. மற்றதெல்லாம் ஏறிவிட்டது.

பதினைந்தாம் நாள் பதில் வந்தது. வாரியத்தின் கணினி, எட்டு ஆதாரங்களும் எட்டு வெவ்வேறு இடங்களில் எடுக்கப்பட்டிருப்பதைக் கவனித்து, இந்தத் துறை முன்னேறிக்கொண்டே இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தது. மற்ற கல்லூரிகளெல்லாம் ஒரே அறையில் நின்றுகொண்டிருந்தன. முழு மதிப்பெண். இனி ஒரு குழு நேரில் வந்து சரிபார்த்தால் தீர்ந்தது. சரிபார்க்கும்போது குறை கண்டால் பழையபடி மூடல்.

குழுவில் மூன்று பேர். தலைவர் முனைவர் காசி. கனத்த உடம்பு, பளபளக்கிற புது ஷூ, வாசலில் காரிலிருந்து இறங்கி லிஃப்டுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். உறுப்பினர் சரோஜா, கையில் விதிப்புத்தகம், அதில் எழுபது இடத்தில் அடையாளத்தாள். மூன்றாவது உறுப்பினர் இளவரசன் நேரில் வரவில்லை, வீடியோவில் வந்தார். அவருடைய முகம் தெரிந்த டேப்லெட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பொறுப்பு மண்ணாங்கட்டிக்கு வந்தது. இளவரசன் அதிகம் பேசுகிறவர் இல்லை. யார் எதைச் சொன்னாலும், "நோட் பண்ணிக்கிட்டேன்" என்பார். அவ்வளவுதான்.

வரவேற்புக் கூட்டத்தில் தலைவர் பேசினார்.

"உடற்பயிற்சின்னா என்ன? பல பேர் ஓடறது, குதிக்கறதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. ஓடறவன் வீட்டுக்குப் போயிடுவான். நமக்கு மிஞ்சறது என்ன? அவன் ஓடினான்கற பதிவு. ஆக, ஓட்டம் தற்காலிகம், பதிவேடு நிரந்தரம். முப்பது வருஷமா நான் இந்தப் படிப்பை மதிப்பிட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு நாள்கூட ஓடினதில்ல. ஓடியிருந்தா ஓடறவங்க பக்கம் சாஞ்சிருப்பேன். இந்த நடுநிலைமைதான் வாரியத்தோட பலம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். டேப்லெட்டிலிருந்து, "நோட் பண்ணிக்கிட்டேன்" என்று குரல் வந்தது.

சாந்த் பாஷா துறையைக் காட்ட அழைத்தார். முழங்கால் எலும்பு மாதிரிகள், பிள்ளைகளே செய்த பயிற்சிப் பலகை, அரசு மருத்துவமனைக்குப் போய் அவர்கள் நடக்கப் பழக்கிய நோயாளிகளின் பட்டியல் எல்லாம் எடுத்துவைத்திருந்தார். சரோஜா பட்டியலைப் புரட்டினார்.

"இவங்கெல்லாம் நடக்கறாங்களா?"

"நடக்கறாங்க மேடம். இதுல பத்தொன்பது பேர் இப்போ கோலில்லாம..."

"அது அவங்க திறமை. இது அளவுகோல்ல வராது." புத்தகத்தை மூடினார். "அந்த முதற்சுற்று ஆதாரத்தை மட்டும் நேர்ல சரிபார்க்கணும்."

முதல்வர் முகமெல்லாம் சிரிப்பாக, நாளைக் காலையில் கார் ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

"கார்லயா?" என்றார் சரோஜா. "உங்க ஆவணத்துல 'நடந்து'ன்னு போட்டிருக்கு. நாங்க கார்ல போய் சரிபார்த்தா முரண்பாடு."

எல்லோரும் தலைவரின் ஷூவைப் பார்த்தார்கள். தலைவருக்கு வியர்த்தது. ஆனால் முரண்பாடு என்ற சொல்லை அந்த வாரியத்துக்குள் கொண்டுவந்தவரே அவர்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள். தலைவர், சரோஜா, கழுத்தில் இளவரசனோடு மண்ணாங்கட்டி, முதல்வர், சாந்த் பாஷா, உண்ணாமலை, இன்னும் நாலு பிள்ளைகள். ஆவணப் படத்தில் இருந்ததால் டிரெட்மில்லும் பின்னால் வண்டியில் வந்தது.

"சார், மெதுவாப் போங்க" என்று உண்ணாமலை தலைவரிடம் முதலிலேயே சொன்னாள். "ஷூ புதுசு. குதிகாலைக் கீழ வைக்காம நடக்கறீங்க. கெண்டைக்கால் பிடிச்சுக்கும்."

"மாணவர் கருத்துக்குத் தனிப் படிவம் இருக்கும்மா" என்றார் தலைவர்.

சரியாக எம லிங்கத்தைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டது. தலைவர் "ஐயோ" என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். இரண்டு பையன்கள் தாங்கிப் பிடித்து, சாலையோரத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உண்ணாமலை சட்டென்று தரையில் மண்டியிட்டாள். ஷூவைக் கழற்றினாள். முழங்காலை நீட்டிப் பிடித்து, பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கி, முப்பது எண்ணினாள். கெண்டைக்காலை அழுத்தித் தேய்த்துவிட்டாள். சாலையோர ஜூஸ் வண்டியில் எலுமிச்சம்பழச் சாற்றில் உப்பு ஜாஸ்தி போட்டு வாங்கிக் குடிக்கவைத்தாள். எழுப்பி நிறுத்தி, "குதிகால் முதல்ல சார். அப்புறம் விரல். அப்படித்தான்" என்று பத்தடி நடக்கவைத்தாள். மொத்தம் ஏழு நிமிடம்.

தலைவர் நடந்தார். திரும்பி நடந்தார். பையன் ஒருவன் அதைப் படம் எடுத்தான். முகத்தில் ஒரு குழந்தைச் சிரிப்பு வந்தது. "வலியே இல்லம்மா! ஆறு மாசமா மாடி ஏற முடியாம கிடக்கேன். இதை யாரும் சொல்லித்தரலியே!"

சாந்த் பாஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு படிப்பு எதற்கு என்று இதைவிட எப்படிக் காட்டுவது? இனி அங்கீகாரம் வந்த மாதிரிதான் என்று நினைத்தார்.

சரோஜா விதிப்புத்தகத்தில் நாற்பத்திரண்டாவது அடையாளத்தாளைப் பிரித்தார்.

"நோயாளியைத் தொடறதுக்கு முன்னாடி படிவம் 14-அ வாங்கினீங்களா?"

"மேடம், பிடிச்சுக்கிச்சு, உடனே..." என்றாள் உண்ணாமலை.

"சிகிச்சைக்கு முன் எடுத்த படம்?"

"எடுக்கலை மேடம்."

"அப்போ இது ஒப்புதல் இல்லாத தலையீடு. விதி ஒன்பதுப்படி பாடப்பிரிவை நிறுத்தணும்."

முதல்வர் வணிகவியல் கால அட்டவணையை நினைத்துக்கொண்டார். உண்ணாமலை எழுந்திருக்காமல் அப்படியே தரையில் இருந்தாள். அவள் சாந்த் பாஷாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

"எனக்குச் சரியாயிடுச்சே சரோஜா" என்றார் தலைவர், தயக்கமாக.

"அது உங்க சொந்த விஷயம் சார். அதுக்கு ஆதாரம் இல்ல."

தலைவர் யோசித்தார். "உண்மைதான். விதி ஒன்பதை எழுதினதே நான்தான்." பிறகு, நன்றியுள்ள மனிதராக, ஒரு வழி சொன்னார். "ஒண்ணு பண்ணலாம். பின்-படம் இருக்கு. முன்-படம் இப்போ எடுத்துக்கலாம். நான் உக்காந்து வலிக்கற மாதிரி இருக்கேன். 14-அவையும் முன்தேதி... முன்நேரம் போட்டுக்கலாம்."

"விதியில தடை இல்ல" என்றார் சரோஜா.

தலைவர் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டி முகத்தைச் சுளித்தார். படம் எடுத்தார்கள். சரோஜா பார்த்தார். "சார், சிரிக்கறீங்க." மறுபடி எடுத்தார்கள். "வலி கம்மியா இருக்கு." மூன்றாவது தரம் தலைவர் அக்கறையெடுத்து, விரல்களைக் கீழ்ப்பக்கமாக இழுத்து, தொடையை இறுக்கி, மூச்சைப் பிடித்தார்.

"சார், அப்படிச் செய்யாதீங்க" என்று உண்ணாமலை கத்தினாள்.

"அருமை, அப்படியே இருங்க" என்றார் சரோஜா.

இந்தத் தரம் இரண்டு காலிலும் பிடித்தது. தலைவர் போட்ட சத்தத்தில் எதிர்ப்புறத்து இளநீர்க்காரர் அரிவாளோடு ஓடிவந்தார். படம் மிக நன்றாக வந்திருந்தது.

"பிடிச்சு விடும்மா!" என்று அலறினார் தலைவர்.

உண்ணாமலை ஓரடி எடுத்துவைத்தாள். சாந்த் பாஷா குறுக்கே கை நீட்டினார். "தொடாதம்மா. படிவம் வரட்டும்." அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. உண்ணாமலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய விரல்கள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டிருந்தன.

மண்ணாங்கட்டி பையிலிருந்து 14-அவை எடுத்தார். அது நாலு பக்கம். நோயாளி எழுத முடியாத நிலையில் இருந்தால் மேற்பார்வை அதிகாரி கேட்டு நிரப்ப வேண்டும் என்று விதி. சரோஜா பேனாவைத் திறந்தார்.

"பெயர்?"

"காசி! ஐயோ, உனக்குத் தெரியாதா சரோஜா!"

"தந்தை பெயர்?"

தலைவர் பெஞ்சிலிருந்து சரிந்து தரைக்கு வந்துவிட்டார்.

"வலியின் தன்மை. குத்தல், எரிச்சல், இழுப்பு, மற்றவை. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார்."

"எல்லாம்!"

"ஒண்ணுதான் டிக் பண்ண முடியும். வலி எவ்வளவு காலமா இருக்கு? நாள், மாதம், ஆண்டுன்னு மூணு கட்டம் இருக்கு, நிமிஷத்துக்குக் கட்டம் இல்ல..."

"படிவம் எதுக்கும்மா!" என்று மாநில உடலியக்கக் கல்வித் தர உறுதி வாரியத்தின் ஆய்வுக் குழுத் தலைவர், செங்கம் சாலையோரப் புழுதியில் புரண்டபடி, மலை கேட்கக் கத்தினார். "காலைப் பாரு! முதல்ல காலைப் பாரு!"

மண்ணாங்கட்டியின் நெஞ்சிலிருந்து தெளிவாகக் குரல் வந்தது.

"நோட் பண்ணிக்கிட்டேன்."

உண்ணாமலை அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. சாந்த் பாஷாவின் கையைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வலது காலை அவள் எடுத்துக்கொண்டாள். இடது காலுக்கு அவளோடு வந்திருந்த ஒருத்தி வந்தாள். எட்டு நிமிடத்தில் தலைவர் எழுந்து நின்றார். மீதி லிங்கங்களை அவர் குட்டியானை வண்டியில், டிரெட்மில்லின் மேல் உட்கார்ந்துகொண்டு சரிபார்த்தார். வாங்கிய நாளிலிருந்து அதில் ஏறிய முதல் மனிதர் அவர்தான். நடந்துபோவதாக ஆவணத்தில் இருப்பதைப் பற்றிச் சரோஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் அவரைப் பார்த்த பார்வையில் புத்தகம் மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் ஒரு மாதம் சாந்த் பாஷா சரியாகச் சாப்பிடவில்லை. குழுத் தலைவரைப் புழுதியில் புரளவிட்ட பாடப்பிரிவுக்கு எவன் அங்கீகாரம் தருவான்? "தொடாதம்மா" என்று சொன்னது வேறு உறுத்திக்கொண்டே இருந்தது. உண்ணாமலையிடம் ஒரு நாள் அதைச் சொல்லிவிட்டார். "தப்பு பண்ணிட்டேன்மா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." அவள் சிரித்தாள். "நானும் நின்னேனே சார்."

அறிக்கை வந்தது. இளவரசன் நோட் பண்ணிக்கொண்டதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் சேர்த்திருந்தார். நிறைகளில் முதலாவது, நகரும் உட்கட்டமைப்பு. இரண்டாவது, பன்னாட்டுக் கூட்டாளியின் ஆழ்ந்த மௌன ஆதரவு. அதன் கீழே 'குழுத் தலைவரின் களப் பரிந்துரை' என்று தடித்த எழுத்தில்: "படிவம் எதுக்கும்மா, காலைப் பாரு, முதல்ல காலைப் பாரு." தலைவரின் பரிந்துரையை உடனே நிறைவேற்றிய துறை, வாரியத்தின் வரலாற்றிலேயே இது ஒன்றுதானாம். அங்கீகாரம், ஐந்து ஆண்டுகளுக்கு, முதல் தரம்.

கல்லூரியில் லட்டு கொடுத்தார்கள். முதல்வர் கால அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு, இதெல்லாம் தன் தொலைநோக்கு என்று பேசினார். அடுத்த வாரமே வாரியம் மாநிலத்தின் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. தலைவரின் பரிந்துரைப்படி இனி எல்லோரும் முதலில் காலைப் பார்க்க வேண்டும். பார்த்தமைக்குச் சான்றாகப் படிவம் 14-ஆவை மூன்று பிரதிகளில் நிரப்பி அனுப்ப வேண்டும். சுற்றறிக்கையைப் படித்ததும் மண்ணாங்கட்டி, "இதுக்கும் ஒரு சுத்து வரணுமா சார்?" என்றார்.

உண்ணாமலை ஜூன் மாதம் வேலூரில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் போன் பண்ணினாள். சாந்த் பாஷா 14-ஆவின் இரண்டாம் பிரதியில் இருந்தார்.

"சார், இங்க ஒரு பெரியவரு. பக்கவாதம். நாலு மாசமா பெட்லயே இருந்தாராம். இன்னிக்கு நடந்துட்டாரு சார்!"

"எவ்ளோ தூரம்?"

"வராண்டா முழுக்க! கைப்பிடியைக்கூட விட்டுட்டாரு!"

சந்தோஷத்தில் சாந்த் பாஷா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"போட்டோ எடுத்தியாம்மா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. மறுமுனையில் உண்ணாமலை சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எங்க சார் எடுக்கறது? அவரு டீ குடிக்கணும்னு வாசலுக்குப் போயிட்டாரு. அவரைத் தேடிக்கினுதான் நான் நின்னுட்டு இருக்கேன்."